உண்ட மயக்கம்

“உயிரைக் காப்பாத்தினவரையே எதிர்த்துப் பேசுறியேம்மா, இது உனக்கே அடுக்குமா?”

கடிகாரக் கடைக்காரர் கேட்டதும், ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கண்டக்டரம்மாவை முறைத்தார்கள்.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றதுன்னா இதுதான்” என்றாள் மூக்குக் கண்ணாடிக்காரி.

நடந்தது இதுதான். அங்கே இருந்தவர்கள் எல்லாருமே பெரிய டாக்டர் கையால் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தவர்கள். அவரை அவர்கள் தெய்வமாகவே நினைத்தார்கள். தெய்வத்திடமாவது குறை சொல்லி அழுவார்கள். அவரிடம் அதுவும் கிடையாது.

அதுதான் சின்ன டாக்டருக்குத் தலைவலி. அவள் பெரிய டாக்டரின் கீழே ஆராய்ச்சி செய்கிற பெண். இரைப்பையை வெட்டியெடுத்த சிலருக்கு, சாப்பிட்டது தங்காமல் மளமளவென்று குடலில் போய்க் கொட்டும். ‘டம்ப்பிங்’ என்பார்கள். சாப்பாட்டு முறையை மாற்றினால், தேவைப்பட்டால் மருந்தும் கொடுத்தால், அது எவ்வளவு தூரம் அடங்குகிறது என்று அவள் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு நோயாளி வேண்டுமே! யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “நல்லாயிருக்கேம்மா.”

“என் பேஷன்ட்ஸ்ல அப்படி யாரும் இல்லம்மா” என்று அன்று காலை பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். “இன்னிக்கும் ஒருத்தரும் வரலைன்னா ஆராய்ச்சியை மூட்டை கட்டிடு.”

சொன்ன கையோடு கூடத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் கேட்டார்.

“சாப்பிட்டதும் யாருக்காவது ஏதாவது பண்ணுதா?”

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“கொஞ்சம் அசதி வரும். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டுன்னு சும்மாவா சொன்னாங்க!”

பெரிய டாக்டரே இப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மா எழுந்து நின்றாள். நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு.

“உண்ட மயக்கம்னா தூக்கம் வரும், டாக்டர். இது நெஞ்சு படபடன்னு அடிக்குது. வேர்த்துக் கொட்டுது. வயித்தைச் சுருட்டிப் பிடிச்சு பாத்ரூமுக்கு விரட்டுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இதுக்குப் பேரு மயக்கமா?”

“உங்களுக்கா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரிக்கா?”

பெரிய டாக்டரின் முகம் சுண்டிப்போனது. “இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? ‘நல்லாயிருக்கீங்கல்ல?’ன்னுதான் கேப்பீங்க. அதுக்கு இல்லைன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்?”

அப்போதுதான் கடிகாரக் கடைக்காரர் பொங்கினார். கண்டக்டரம்மா அசையவில்லை. “ஆராய்ச்சியில என் பேரைச் சேத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சின்ன டாக்டருக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் சின்ன டாக்டரின் அறைக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். கடிகாரக் கடைக்காரர்!

“அந்தம்மா சொன்னாங்களே... அச்சு அசலா எனக்கும் அப்படித்தான். கடை ஷட்டரை இறக்கிட்டு வெறுந்தரையில படுத்துக்கிறேன். பெரிய டாக்டர் மனசு நோகுமேன்னுதான்...”

அவர் வெளியே போக, மூக்குக் கண்ணாடிக்காரி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சுவரோரமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது.

பரிசோதனை நாள் வந்தது. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டும். பிறகு நாடியையும் ரத்தச் சர்க்கரையையும் விடாமல் பார்ப்பார்கள். டம்ப்பிங் இருந்தால் நாடி எகிறும், வேர்த்துக் கொட்டும்.

கடிகாரக் கடைக்காரர் குடித்த சிறிது நேரத்தில் சட்டை நனைந்து, கட்டிலில் சாய்ந்துவிட்டார். பெரிய டாக்டரே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா” என்றார். வெட்கமாக இருந்தது அவருக்கு. மறைக்கவும் இல்லை.

கண்டக்டரம்மா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?” என்று நர்ஸைக் கேட்டாள். நாடி ஏறவில்லை. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. இன்னொரு நாள் வரச்சொல்லிப் பார்த்தார்கள். அன்றும் அதே கதைதான்.

சின்ன டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் தனியாக அழைத்தாள்.

“உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே!”

“இல்லதான்.”

“ஆராய்ச்சியில பொய் சொல்லலாமா? எல்லாரும் பொய் சொல்றாங்க, இவங்க ஒருத்தராவது உண்மை பேசுறாங்களேன்னு நினைச்சேன். இப்ப உங்களை நீக்கணும். ஏன்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லணும். எல்லாரும் உங்களைப் பொய்க்காரின்னு பேசுவாங்க, தெரியுமா?”

“என் பஸ் இந்த வழியாத்தான் போகுது, டாக்டரம்மா. இங்க வர்றவங்க உங்ககிட்ட ‘நல்லாயிருக்கேன்’னு சொல்லிட்டு, கேன்டீன்ல சாப்பிட்டுட்டு ஏறுவாங்க. அடுத்த ஸ்டாப்புக்குள்ள வேர்த்து விறுவிறுத்துக் கம்பியைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒருத்தர் என் கண்ணு முன்னாடியே சுருண்டு விழுந்தாரு. ‘டாக்டர்கிட்ட சொல்லுங்கய்யா’ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். ‘உயிரைக் கொடுத்தவர்கிட்ட குறை சொன்னா நாக்கு அழுகிடும்’னுட்டாரு. சரி, யாராவது ஒருத்தர் முதல்ல ஆரம்பிக்கட்டும்னு பாத்தேன். ஒருத்தரும் அசையல.”

சின்ன டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

கண்டக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“என் பேரைத் தாராளமா அடிச்சிடுங்க. எனக்குத்தான் எதைத் தின்னாலும் செரிக்குதே... இந்தக் கெட்ட பேரும் செரிச்சுடும்.”