ஆசா கா?

கணவனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துச் செபு தீவுக்கு வந்த இசக்கிராணி, ‘குமுஸ்தா கா?’ என்று நலம் விசாரிக்கக் கற்றுக்கொண்டுதான் விமானம் ஏறினாள். தெருவில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. தெருமுனையில் மீன் சுட்டு விற்கும் நெனிட்டா, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் ‘ஆசா கா?’ என்று கேட்டாள். எங்கே போகிறாய்?

தன்னைக் கேட்கும்போதெல்லாம் இசக்கிராணி விருட்டென்று வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள்.

“வெளிய கெளம்புறவள எங்க போறன்னு கேக்கலாமா? போற காரியம் வெளங்குமா?”

“அவுக ஊர்ல அதான் வணக்கம். நீ சும்மா கெட,” என்றான் கணவன்.

பிறகுதான் கவனித்தாள். கேட்கப்பட்டவர்கள் உதட்டைக் குவித்து எங்கோ காட்டி, ‘டிஹா லாங்’ என்றபடி நடந்தார்கள். அங்கேதான், பக்கத்தில். நெனிட்டா பதிலுக்கு நின்றதே இல்லை. அதற்குள் அடுத்த மீனைப் புரட்டியிருப்பாள். ஒருத்தரையும் விடாமல் ஒருத்தியால் இப்படி விசாரிக்க முடிகிறதே என்று இசக்கிராணிக்கு மலைப்பாக இருந்தது. தண்ணீர் குடிக்கத் திரும்புவதை விட்டாள்.

நெனிட்டாவின் புருஷனை எடுத்த அன்று, சவப்பெட்டி அவளுடைய அணைந்த அடுப்பைக் கடந்தது. நெனிட்டா பெட்டியின்மேல் கைவைத்துக் குனிந்தாள்.

“ஆசா கா?”

கேட்டுவிட்டு, முதன்முறையாக, பதிலுக்குக் காத்திருந்தாள். தூக்கியவர்களும் நின்றுவிட்டார்கள்.

இசக்கிராணியின் உதடுகள் தாமாகக் குவிந்தன.

“டிஹா லாங்,” என்றாள்.

பெட்டி நகர்ந்தது.