கம்பியைப் பிடித்த கைதி

கண்காட்சி திறக்க இன்னும் சற்று நேரம்தான் இருந்தது. கலை விமர்சகர் அந்த இரும்புச் சிலையை மோப்பம் பிடிப்பதுபோல் சுற்றி வந்தார்.

சிற்பியின் மனைவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அருங்காட்சியகம் அவர் பேரில் தனிக் கூடமே ஒதுக்கிவிட்டது. அவர் கடைசியாகச் செய்தது என்று சொல்லி, இந்த ஒரு சிலையை மட்டும் அவளே நேற்று வண்டியில் ஏற்றி வந்து இறக்கியிருந்தாள்.

குனிந்து உட்கார்ந்த மனித உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைந்த தகடு. அதில் கண்ணுக்கென்று ஒரே ஒரு கீறல். வலது கையில் ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனி காலடியில் கிடந்த இரும்புத் துண்டைத் தொட்டபடி.

"இவன் கைதி," என்றார் விமர்சகர். "முகத்தைப் பறிகொடுத்தவன். சிறைக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டுக் காலத்தையே உத்துப் பார்க்கிறான்."

காலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அப்படி யாரும் கேட்காததால்தான் அவர் பெரிய மனிதராகியிருந்தார்.

காவலுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "எனக்கு என்னமோ குடை ரிப்பேர் பண்றவன் மாதிரி தெரியுது சார்."

விமர்சகர் அவரைப் பார்வையாலேயே வாசல்வரை தள்ளிவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

"கருத்து இருக்கு, கை இல்ல. மத்த சிலைகளோட வெல்டிங்கைப் பாருங்க, மீன் செதில் அடுக்கின மாதிரி. இது மூக்கு ஒழுகின மாதிரி இருக்கு. போலி!"

எல்லா ஏற்பாட்டையும் அலைந்து திரிந்து செய்திருந்த கொழுந்தன் அவளிடம் ஓடி வந்தான். "அண்ணி, இது அண்ணன் செஞ்சதுதானே?"

"அவர்தான். இருமிக்கிட்டே உட்கார்ந்து செஞ்சார்."

"உடம்பு முடியாம கை நடுங்கியிருக்கும் சார்," என்றான் அவன்.

"நடுக்கம் வேற, தெரியாத்தனம் வேற. இதைச் செஞ்சவருக்குப் பத்தவைக்கவே தெரியல," என்றார் விமர்சகர். "சரி, அவர்தான் செஞ்சார்னே வச்சுப்போம். அப்போ மத்ததெல்லாம் போலின்னு எழுதித் தந்துடறேன். கூடமும் வேண்டாம், அவர் பேரும் வேண்டாம். சம்மதமா?"

"அண்ணி! அண்ணன் பேரைக் குழிதோண்டிப் புதைச்சிடாதீங்க."

இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார். "கையைக் காட்டுங்கம்மா."

காட்டினாள். விரல் முதல் முழங்கை வரை பழசும் புதுசுமாகத் தீப்பொறித் தழும்புகள்.

"சமையல்ல பட்டதா?"

அவள் வரிசையாக நின்ற சிலைகளை ஒருமுறை பார்த்தாள். அவற்றின் கீழே கணவர் பெயர் பளபளத்தது.

"இல்ல. வெல்டிங்ல பட்டது. இந்தச் சிலையை நான்தான் செஞ்சேன்."

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "செத்தவர் பேரை வித்துத் திங்க எப்படி மனசு வந்துச்சு?"

விமர்சகருக்குப் பெருந்தன்மை பொங்கியது. "இத்தனை வருஷம் அவர் பக்கத்துலயே இருந்தீங்க. தொழில்ல கொஞ்சமாவது கத்துக்கக் கூடாதாம்மா?"

"உங்க அளவுக்கு ஞானம் எனக்கு ஏது சார்?" என்றாள்.

அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "இந்தக் குப்பையை உடைச்சு எடைக்குப் போட்டுடுங்க."

"அதெப்படி சார்? இது சாட்சியாச்சே. கேஸ் முடியறவரைக்கும் ஸ்டேஷன்லதான் இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மழை படாத இடமாப் பார்த்து வைங்க," என்றபோதுதான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

சிலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு முன்னால் போக, இன்ஸ்பெக்டருடன் அவள் பின்னால் நடந்தாள்.

அந்தக் கூடத்துக்கு வந்த சிலைகளில் அவள் செய்யாதது அது ஒன்றுதான்.