எப்போதும் பத்துப் படங்களுக்குக் கீழே

‘இறந்தவரின் காப்பீட்டுத் தொகை பெற’ என்ற இணைப்பை எங்கே நகர்த்தினாலும் விதவைகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது, காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தை வடிவமைக்கும் செண்பகவல்லிக்குப் புரியவில்லை. முகப்பில் அது இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. மேலிருந்து அடிக்கு இறக்கினாள். தளத்தின் தேடல் முடிவுகளிலும் அதைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுத்தைச் சாம்பல் நிறமாக்கினாள். அப்படியும் நேற்று ஒருத்தி ஏழு நிமிடம் உருட்டி, அடிக்கு வந்து தொட்டிருந்தாள்.

“புருஷன் செத்தவளுக்கு வேற என்ன வேலை? பக்கம் முடியுற வரைக்கும் உருட்டுவா,” என்று சிரித்தார் மேலாளர் சவரிமுத்து.

“முடியாமலே பண்ணிட்டா, சார்?”

இணைப்புக்கு மேலே வாடிக்கையாளர்களின் சிரித்த குடும்பப் படங்களை அடுக்கினாள். விரல் அடியை நெருங்கும்போதெல்லாம் புதிதாகப் பத்துப் படங்கள் தாமாக வந்து சேரும். இணைப்பு முகப்பிலேயே, விதிப்படி, எப்போதும் பத்துப் படங்களுக்குக் கீழே இருக்கும்.