இழுத்து வாசித்தவன்

“லே, இழுக்காதே!”

சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்த அரை நொடியில் ஆல்டோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பின்னால் பேஸ் கிடாரோடு நின்ற செல்வசிங் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

வளைகுடா நாட்டு ரூவியில் ஒரு ஹோட்டல். கிறிஸ்துமஸ் மதிய விருந்து. அந்த 2009-இல் கிறிஸ்துமஸ் வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டதால், லீவு கேட்டு யாரும் யார் முன்னாலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஏசி மெக்கானிக் ஆல்டோ சாக்ஸபோன், லிப்ட் மெக்கானிக் செல்வசிங் பேஸ், தையல் கடை கௌஸ் முகம்மது டிரம்ஸ். வாரம் முழுக்க ஸ்பானரும் கத்தரிக்கோலும் பிடித்த மூன்று பேரும் வெள்ளைச் சட்டை போட்டு ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆல்டோவின் கண் முன்வரிசையை விட்டு நகரவில்லை. அங்கேதான் லெபனான்காரரான ஹோட்டல் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இன்று அவருக்குப் பிடித்துப்போனால் நியூ இயர் பார்ட்டியும் இவர்களுக்குத்தான். பிடிக்காவிட்டால் கலாஸ்!

அந்த நேரம் பார்த்தா இந்தப் பயல் பாட்டை மெதுவாக்குவான்?

ஜாஸில் பேஸ்காரனை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அவன் நடந்தால் எல்லோரும் நடக்க வேண்டும். ஓடினால் ஓட வேண்டும். துள்ளிக் குதிக்க வேண்டிய பாட்டு, தள்ளுவண்டி மாதிரி உருண்டுகொண்டிருந்தது. கௌஸ் முகம்மதும் வேறு வழியில்லாமல் அதன் பின்னாலேயே தட்டிக்கொண்டு போனார்.

இடைவேளையில் ஆல்டோ பிடித்துக்கொண்டார்.

“என்னலே ஆச்சு உனக்கு? ரிகர்சல்ல நல்லாத்தான வாசிச்ச?”

“சாரிண்ணே.”

“உன் சாரிய யாரு கேட்டா? நானும் பாக்கேன், பின்மேசைப் பக்கமே பாத்துப் பாத்து இளிக்க. பொண்ணு எதுவும் கண்ணுல பட்டிருக்கோ?”

ஆல்டோ எட்டிப் பார்த்தார். பெரிய கிறிஸ்துமஸ் மரம்தான் மறைத்துக்கொண்டு நின்றது.

செல்வசிங் தலையைச் சொறிந்தான். காது மட்டும் சிவந்தது.

“இங்க பாரு. அடுத்த தடவையும் இழுத்தேன்னு வையி, நியூ இயருக்கு வேற ஆளத் தேடிக்கிடுவேன். பத்து வருசப் பழக்கம்னு எல்லாம் பாக்க மாட்டேன்.”

“சரிண்ணே.”

“நல்ல நாள்ல எதுக்குங்க கோவம்?” என்று கௌஸ் முகம்மது இருவர் கையிலும் டீயைத் திணித்தார்.

மறுபடி மேடை ஏறினார்கள். முதல் இரண்டு பாட்டும் பறந்தன. மேனேஜரின் விரல் மேசையில் தாளம் போட்டது. ஆல்டோவுக்கு உயிர் வந்தது.

மூன்றாவது பாட்டில் திரும்பவும் அதே கதை!

ஆல்டோ வேகமாக ஊதிப் பாட்டை முன்னால் தள்ளிப் பார்த்தார். பேஸ் அசைந்து கொடுக்கவில்லை. சாக்ஸபோன் தனியாக முன்னால் ஓடி, துணைக்கு ஆள் இல்லாமல் திரும்பி வந்தது. ஆல்டோவின் முகம் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒருவழியாகக் கச்சேரி முடிந்தது. கைத்தட்டலுக்கு நடுவே மேனேஜர் நேராக மேடைக்கு வந்தார்.

“சார், இன்றைக்கு பேஸ் கொஞ்சம்...” என்று ஆல்டோ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். “பிரமாதம்! வழக்கமாக இளவட்டங்கள் மட்டும்தான் ஆடுவார்கள். இன்று வயதானவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். முப்பத்தொன்றாம் தேதியும் நீங்கள்தான். யல்லா, போய்ச் சாப்பிடுங்கள்.”

ஆல்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் நகர்ந்ததும் செல்வசிங் பக்கம் திரும்பினார்.

“தப்பிச்சலே! ஆனா, அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லாம உன்ன விடமாட்டேன்.”

“என்னங்க...”

குரல் கேட்டுத் திரும்பிய ஆல்டோ அப்படியே நின்றார்.

வாசிப்பவர்களின் குடும்பத்துக்கென்று மரத்துக்கு அப்பால் பின்மூலையில் போட்டிருந்த மேசையிலிருந்து அவர் மனைவி சுகிர்தராணி வந்துகொண்டிருந்தாள். மார்ச் மாதம் பஸ்சிலிருந்து விழுந்து கால் முறிந்தவள். எலும்பு சேர்ந்த பிறகும் பயம் போகாமல், ஒன்பது மாதமாகக் கம்பு இல்லாமல் கட்டிலை விட்டு இறங்காதவள். இப்போது அவளுடைய ஒரு கையில் கேக் தட்டு, இன்னொரு கையில் ஜூஸ்.

“பாத்து, பாத்து!” ஆல்டோ பதறி ஓடினார். “கம்பு எங்கட்டீ?”

“ஆடப் போறவ கம்பையா தூக்கிட்டுப் போவா?”

“ஆடுனியா? நீயா? எப்ப?”

“அந்த மெதுவான பாட்டுக்கெல்லாம்! சுவரோரமா நின்னு மெல்ல கால எடுத்து வச்சேன். என் கால் போற வேகத்துக்கே பாட்டும் கூட வந்துச்சுங்க.”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை ஆல்டோ பார்த்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

மெல்லத் திரும்பினார். செல்வசிங் குனிந்து, பேஸ் கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாலே?”

“சொன்னா நீங்க ‘பாத்து, பாத்து’ன்னு ஓடிப் போயிருப்பீங்க. மைனி உடனே உக்காந்திருப்பாங்கண்ணே!”