நூறு தடவை

"எல்லாரும் கெளம்புங்க. நித்யஸ்ரீ மட்டும் இரு."

குணசீலன் குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். கம்ப்யூட்டர் லேப் காலியானது. கடைசியாகப் போனவன் கதவைச் சாத்தியதும், திருச்செங்கோட்டு வெயிலும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் இரைச்சலும் வெளியே நின்றுவிட்டன.

அந்த முதலாமாண்டு மாணவியின் திரையை நிதானமாகப் பார்த்தான். 'வணக்கம்' என்று பத்து முறை வர வேண்டும், அவ்வளவுதான். காலையில்தான், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் ஃபார் லூப்பை நடத்தியிருந்தான். எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னால் போதும். நிற்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பலகையிலும் எழுதிப் போட்டிருந்தான்.

இவளோ ஒரே வரியை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையால் அடித்து வைத்திருந்தாள்.

"லூப் எங்கம்மா?"

"திரும்பத் திரும்ப வரோணும்னா, திரும்பத் திரும்ப எழுதோணும்னு நெனச்சேனுங்க சார்."

அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது. சின்னுசாமி வாத்தியாரின் மகளுக்கு லூப் புரியவில்லை.

அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் அப்பா பெயரைப் பார்த்ததிலிருந்து இந்த மத்தியானத்துக்காகத்தான் அவன் காத்திருந்தான். ஏழாம் வகுப்பில் ஒரு கணக்கு தப்பினால் போதும், வாத்தியார் அவனுக்கு இம்போசிஷன் கொடுப்பார். 'நான் கோழிப்பண்ணைக்குத்தான் லாயக்கு.' நூறு தடவை. அவன் அம்மா அப்போது பண்ணையில் முட்டை பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். எழுதியதை வகுப்பின் முன்னால் நின்று வாசிக்கவும் வேண்டும். பள்ளிக்கூடம் முடிகிறவரை பையன்கள் அவனைப் பார்த்துக் கொக்கரித்தார்கள்.

இப்போது அவளிடம், செய்முறைத் தேர்வுக்கு உட்கார வேண்டுமா வேண்டாமா என்று கேட்டான். அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள். வெள்ளைத் தாள்களை அவள் முன்னால் போட்டான்.

"நூறு தடவ எழுது. அடியில உங்கப்பா கையெழுத்து வேணும்."

என்ன எழுத வேண்டும் என்பதை உடனே சொல்லவில்லை. இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்த வரியை இன்னும் சற்று நேரம் வைத்திருக்கத் தோன்றியது. அவளே கேட்கட்டும், கெஞ்சிக் கேட்கட்டும் என்று ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றான்.

பின்னால் பேனா உரசும் ஓசை. பெயரும் வகுப்பும் எழுதுகிறாள் போலிருக்கிறது. இன்று மாலை வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தத் தாளைக் கையில் எடுப்பார். தன் வரியைத் தானே வாசிப்பார். அடியில் கையெழுத்தும் போடுவார். அதோடு நின்றுவிடும் எல்லாம். அவன் வெகுநேரம் அப்படியே நின்றிருந்தான்.

அவள் எதுவும் கேட்கவில்லை. பேனாவும் ஓயவில்லை.

திரும்பி வந்து பார்த்தான். அவள் வரிவரியாக எழுதவில்லை. ஒரே சொல்லைத் தாளின் மேலிருந்து கீழ்வரை இறக்கிவிட்டு, பக்கத்தில் அடுத்த சொல்லை இறக்கிக்கொண்டிருந்தாள். இம்போசிஷன் எழுதி எழுதிக் காய்த்த கைக்குத்தான் அந்தக் குறுக்குவழி தெரியும். அவன் கைக்கும் தெரியும்.

இடது ஓரம் நெடுக 'நான்'. அதை ஒட்டி 'கோழிப்பண்ணைக்குத்தான்'. மூன்றாவதாக 'லாயக்கு' பாதித் தாளைத் தாண்டியிருந்தது.

குணசீலன் மூன்று சொற்களையும் சேர்த்து இன்னொரு முறை வாசித்தான்.

"நான் இன்னும் வரியவே சொல்லலியே. இதத்தான் எழுதோணும்னு உனக்கு ஆரு சொன்னது?"

அவள் தலை நிமிரவில்லை.

"ஊட்ல எப்பவும் இதானுங்க சார்."