தினமும் பாகற்காய்

தம்பி கோபால்சாமியின் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் மங்கம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள்.

அடுப்படியில் தம்பி பெண்டாட்டி பாஞ்சாலை முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்துச் சின்னக் கல்லால் நுணுக்கினாள். கோபால்சாமியின் தட்டில் மட்டும் அதைத் தூவி, மேலே பாகற்காய்க் குழம்பை ஊற்றினாள்.

மங்கம்மாள் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். வசியப் பொடி. வேறென்ன?

நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. போன வருசம் வரைக்கும், காதில் யாரோ பேசுகிறார்கள் என்று காடு மேடெல்லாம் ஓடினவன். மாத்திரை கொடுக்க வந்த நர்சம்மாவை ஊர் நடுவில் வைத்துத் திட்டினவன். இப்போது பெண்டாட்டி சொன்னால் சாமைக் கொல்லைக்குப் போகிறான், போட்டதைச் சாப்பிடுகிறான், குறட்டை விட்டுத் தூங்குகிறான்.

தட்டு அவன் முன்னால் வந்ததும் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சோத்தைத் தொடாத சாமி."

"இன்னாக்கா?"

"உன் பொண்டாட்டி உனக்கு வசியம் வெக்கிறா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கெளம்பு. ஆலங்காயத்துல ஒருத்தரு வாந்தி எடுக்க வெச்சி எல்லாத்தையும் வெளிய கொண்டாந்துடுவாரு."

குழம்புச் சட்டியோடு வந்த பாஞ்சாலைக்கு அது கேட்டுவிட்டது.

"வசியம் இல்லீங்க அண்ணி. மாத்திரை. மனச்சிதைவு நோய்க்கு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரில குடுத்தது. கைல குடுத்தா வீசிப்புடறாரு. மறைச்சுக் குடுக்காத, பேசிப் புரிய வையின்னுதான் நர்சம்மா சொன்னாங்க. எனக்குத்தான் பயம்." அவள் புருசனைப் பார்த்தாள். "போச்சு. இனிமே என் கையால தண்ணிகூட வாங்க மாட்டாரு."

மங்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி தட்டை உதைத்துவிட்டு மறுபடியும் காட்டைப் பார்த்து ஓடப்போகிறானே என்று மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டாள்.

கோபால்சாமி அக்கா கையை மெதுவாக விலக்கினான். சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை மீதி இல்லாமல் சாப்பிட்டு முடித்தான்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றான்.

"இன்னாது தெரியும்?"

"சின்ன வயசுல வூட்ல பாகக்கா வெச்சா நான் எங்க இருப்பேன்?"

"ஊர் எல்லைல."

"இப்ப தெனம் அதான் வேணும்னு கேட்டு வாங்கித் துன்றேன். மாத்திரை கசப்பு எனக்குத் தெரியலன்னு அவ நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

"அடப்பாவி, அதுக்கா மூணு நாளா என் நாக்கையும் சேத்துக் கெடுத்த?"

பாஞ்சாலை சட்டியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சேவா துன்னீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"செத்தாலும் தொட மாட்டேன்னு ஊரைக் கூட்டிக் கத்தனவன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?" கோபால்சாமி தலை குனிந்துகொண்டான். "நாளைலேர்ந்து முழுசா கைல குடு. அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு நானே வர்றேன்."

"எப்பலேர்ந்துங்க தெரியும்?"

"'சாமி, அவரை ஏமாத்தறேன், மன்னிச்சிடு'ன்னு அடுப்படில அழுதியே, அது கேட்ட நாள்லேர்ந்து. அதுக்கு முன்ன இந்தக் காதுல உன் சத்தத்துக்கு எடமே இல்ல, பாஞ்சாலை."