ஆரஞ்சுத் தொப்பி

"தலையத் தூக்காதீங்க! இன்னும் கொஞ்ச தூரம்தான்."

வேனின் பின்சீட்டில் மெர்ல் டிரவுட்மன் மடங்கிக் கிடந்தார். வலது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. 

"மன்னிச்சுக்கோங்க கவர்னர். நீங்க இங்க வந்தது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது" என்றாள் முன்சீட்டிலிருந்த கெல்சி. அதிபர் வேட்பாளர் ரீஸின் பிரசாரத்தில் இந்த மாதிரி வேலைகளையெல்லாம் பார்ப்பவள். நாற்பதைத் தாண்டியவள், சரியாகத் தூங்கிப் பல நாளான முகம்.

டிரவுட்மன் ஒஹையோ மாநிலத்தின் கவர்னராக இருந்தது ஒரு காலம். பதவி போனாலும் அந்த ஊரில் பட்டம் போகாது, இன்னும் கவர்னர்தான். துணை அதிபர் வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் அடிபடுவது இது மூன்றாவது தேர்தல். ஒரு தடவை தெற்கத்தி ஆள் வேண்டுமென்று கைவிட்டார்கள். அடுத்த தடவை பெண் வேண்டுமென்று கைவிட்டார்கள்.

இந்தத் தடவை அப்படியில்லை. ஒஹையோ கிடைக்காமல் ரீஸ் கரையேற முடியாது. ஒரு மாதமாக வக்கீல்கள் வந்து வருமான வரி, இதய வைத்தியம், மகளின் விவாகரத்து, கல்லூரிக் காலத்துக் காதலி வரை தோண்டித் துருவிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லியிருந்தார்.

வேன் ஒரு ஹோட்டலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் சுற்றியது.

"எதுக்கும்மா இத்தனை சுத்து?"

"பின்னால யாராவது வர்றாங்களான்னு பாக்கத்தான்."

பின்பக்கம், சமையற்கட்டு வாசலில் வண்டி நின்றது. கூச்சத்தில் தலையிலிருந்த தொப்பியை எடுக்கப் போனார். வேட்டைக்காரர்கள் போடும் பளீர் ஆரஞ்சுத் தொப்பி அது. அதைப் போட்டுக்கொண்டுதான் எல்லாத் தேர்தலிலும் நின்றார். ஒஹையோவில் அவர் முகத்தை மறந்தவன்கூடத் தொப்பியை மறக்க மாட்டான்.

"ஐயோ, அது இருக்கட்டும் கவர்னர்! முகத்த மட்டும் நல்லா மறைச்சுக்கோங்க."

வழுக்கைத் தலை இதைவிடக் காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டார். வெங்காய மூட்டைக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் நடுவே நொண்டிக்கொண்டு போய், சாமான் ஏற்றும் லிஃப்டில் மேலே ஏறினார்.

அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காய்ந்துபோன வான்கோழி சாண்ட்விச். "இருங்க, கூப்பிடறேன்" என்று கெல்சி போய்விட்டாள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ரீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று நூறு தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மனைவி லோயிஸ் போனில் வந்தாள்.

"என்னாச்சு?"

"ரீஸுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"ரீஸா? அவர் காலையிலயே டென்வர் போயிட்டாருன்னு டிவில சொல்றானே."

"அட, அதெல்லாம் டிவிக்காரங்களுக்குக் காட்டுற தண்ணி. ஆள் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நான் பாக்காத தேர்தலா?"

இந்தத் தடவையும் இல்லையென்றால் அரசியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மகள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தார். ஆனால் கூப்பிட்டுவிட்டால்?

"லோயிஸ், கேட்டா நான் சரின்னுதான் சொல்லுவேன். உங்கிட்ட மறைக்க விரும்பல."

"தெரியும்."

"கோவமா?"

"கோவம்தான். மாத்திரை டப்பாவோட நாடு முழுக்க உன் பின்னால நான்தானே அலையணும்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "சரின்னு சொல்லிடு மெர்ல். நீ ஒண்ணுக்கு இப்படி ஆசைப்பட்டுப் பாத்து எத்தனை வருஷமாச்சு. ஏரி எங்கயும் ஓடிடாது."

போனை வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். மூன்று தேர்தல்களின் களைப்பும் அந்த ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது.

கதவு தட்டும் சத்தம். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டு, கைகுலுக்க வலது கையை முன்னால் நீட்டினார்.

உள்ளே வந்தது கெல்சி மட்டும்தான். கையிலிருந்த போனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து, நீட்டிய அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

"டென்வர்ல பேச்சு முடியறதுக்குள்ள, சிரமம் பாக்காம இன்னொரு தடவை பின்வாசல் வழியா வந்து இறங்குறீங்களா கவர்னர்? கேமராக்காரங்க ஒருத்தர்கூட உங்களப் பாக்கலயாம்."